தீவுகளுக்கு அடியில் ஒரு தேடல்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், பெரும்பாலும் செல்லுலர் சிறையிலே தொடங்கி, தேசபக்தர்கள் அங்கே அநுபவித்த கொடுமைகளை வருணித்து, ஜப்பானியரின் மூன்றாண்டு ஆட்சியையும் சுதந்திரத்துக்குப் பின் அங்கே சென்று குடியேறிய ஜனங்களின் உழைப்பையும் தொட்டுக்காட்டி முடிப்பது வழக்கம். அது தரைக்கு மேலே நிகழ்ந்த சரித்திரம். அதே தீவுகளில், தரைக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவலால் உந்தப்பட்டு, டேனியரும் ஆங்கிலேயரும் பின்னர் நம்முடைய சர்க்காரும் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக நடத்திவரும் தேடல் ஒன்று உண்டு. முதலில் அவர்கள் தேடியது நிலக்கரி. இப்போது தேடுவது எரிவாயு. 2025 செப்டம்பரில் அந்தமானின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு கிணற்றில் எரிவாயு தென்பட்டது என்ற செய்தி வந்தபோது நாடெங்கும் எழுந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், அந்த வாயுவை எந்த முறையால், யாருடைய நன்மைக்காக, எவ்வளவு அபாயத்தை ஏற்று எடுப்பது என்ற கேள்வியும் அந்த மகிழ்ச்சியோடு சேர்ந்தே எழவேண்டியது. அதற்கு விடை காண்பதற்கு இந்தத் தேடலின் பழைய கதையை அறிவது மிகவும் பிரயோஜனமாகும்.

தமிழருக்கு இந்தத் தீவுகள் புதியவை அல்ல. முதலாம் ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடல் கடந்து வென்ற பிரதேசங்களின் பட்டியலில், மாநக்கவாரம் என்ற பெயரால் நிக்கோபார் குறிக்கப்படுகிறது. ஏழு நூற்றாண்டுகள் கழிந்த பின், சோழ மண்டலக் கரையிலிருந்தே மீண்டும் ஒரு பயணம் நடந்தது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் செய்துவந்த டேனியர், 1756ஆம் ஆண்டில் நிக்கோபாரைத் தம் நாட்டுக்கு உரியதென்று சாற்றி, தரங்கம்பாடியிலிருந்தே அதை நிர்வகிக்க முற்பட்டனர். காய்ச்சலும் தனிமையும் அவர்களுடைய குடியேற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தன. மொராவியக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பாதிரிமாரும் இருபது ஆண்டுக் காலம் முயன்று, பலரைப் பறிகொடுத்துத் திரும்பினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவிக் கப்பல்கள் பெருகியபோது, வழியிலே நிலக்கரி கிடைக்கும் தீவு எதுவாயினும் அது பொன் விளையும் பூமியாக மதிக்கப்பட்டது. நிக்கோபாரில் நிலக்கரி உண்டென்ற நம்பிக்கை கல்கத்தா வர்த்தகர்களிடையே பரவியது. உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட கலாதேயா என்னும் டேனியப் போர்க்கப்பல், ஸ்டீன் பில்லேயின் தலைமையில் 1846ஆம் ஆண்டு இத்தீவுகளை அடைந்தது. அதனோடு தொடர்புடைய ஆராய்ச்சியில் ஹின்ரிக் ரிங்க் என்னும் விஞ்ஞானி தீவுகளின் பாறைகளைப் பரிசீலித்து எழுதினார். எடுத்துப் பயன்படுத்தத் தக்க நிலக்கரி கிடைக்கவில்லை. 1858இல் ஆஸ்திரியாவின் நோவாரா கப்பலில் வந்த ஹோக்ஸ்டெட்டர் என்னும் புவியியல் அறிஞரும் இத்தீவுகளின் பாறைகளை ஆராய்ந்து சென்றார். 1868–69இல் டேனியர் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்து அகன்றனர். பெரிய நிக்கோபாரின் தெற்கே உள்ள கலாதேயா விரிகுடா அந்தக் கப்பலின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது.

ஆங்கிலேயர் 1858இல், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியபின், அவர்களுடைய கவனம் பெரும்பாலும் மரத்தின்மீதே இருந்தது. சாத்தம் தீவில் 1883இல் அமைந்த மரம் அறுக்கும் ஆலை அந்தக் காலத்து நினைவாக இன்றும் நிற்கிறது. ஆனால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர்கள் அவ்வப்போது வந்துபோயினர். ஆர். டி. ஓல்டாம் 1885இலும், டிப்பர் 1911இலும் வெளியிட்ட அறிக்கைகள் அந்தமான் நிலவியலுக்கு அடிப்படை இட்டன. வடக்கே பர்மாவில் ஏனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகள் செழித்துக்கொண்டிருந்தமையால், அதே பாறை வரிசையின் தெற்குத் தொடர்ச்சியான அந்தமானிலும் அத்தகைய செல்வம் இருக்கக்கூடும் என்ற அனுமானம் எழுவது இயற்கையே.

அந்த அனுமானத்துக்கு நிலமே ஒரு சாட்சி அளித்துக்கொண்டிருந்தது. தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே உள்ள பாராடாங் தீவிலும், வடக்கே திக்லிப்பூர்ப் பகுதியிலும், காட்டின் நடுவே சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டுப் பொங்கும் மேடுகள் உள்ளன. சேற்று எரிமலை என்று அவற்றைச் சொல்கிறோம். ஆனால் அங்கே நெருப்பும் இல்லை, உருகிய பாறையும் இல்லை. பூமியின் ஆழத்தில் நசுங்கிக் கிடக்கும் களிமண் படிவங்களிலிருந்து, நீரும் சேறும் மீத்தேன் மிகுந்த வாயுவும் வெடிப்புகளின் வழியே மேலேறி வெளிப்படுகின்றன. இந்தியப் பலகை வடகிழக்கு நோக்கி நகர்ந்து பர்மியப் பலகையின் அடியே புகும் எல்லையில், கடலடிப் படிவங்கள் வழித்தெடுக்கப்பட்டு மடிந்தும் முறிந்தும் உயர்ந்ததே அந்தமான் மலைத்தொடர். எனவே, வாயுவை உண்டாக்கும் களிப்பாறையும் அதைக் கசியவிடும் முறிவுகளும் இங்கே ஒரே காரணத்தால் பிறந்தவை. இத்தீவுகளில் வாயு தேடுவோருக்கு நம்பிக்கையை ஊட்டுவதும் எச்சரிக்கையை விடுப்பதும் ஒரே நிலவியல் உண்மைதான் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின், 1956இல் அமைந்த எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் இத்தேடலைக் கையேற்றது. நிலத்தில் ஆய்வு நடத்தியும், கடலில் அதிர்வலைகளை அனுப்பி அடியிலுள்ள பாறை அடுக்குகளைப் படமெடுத்தும் பல ஆண்டுகள் முயன்றபின், 1980இல் அந்தமானுக்குக் கிழக்கே கடலில் தோண்டப்பட்ட ஏஎன்-1-1 என்னும் கிணற்றில், மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் பாறையில் எரிவாயு தென்பட்டது. ஆயினும் அது வணிகத்துக்கு ஏற்ற உற்பத்தியாக முதிரவில்லை. அதன்பின் தோண்டப்பட்ட கிணறுகளும் நிலையான பலன் தரவில்லை. அதே காலத்தில் அதே கடலின் அக்கரைகளில் நடந்ததோ வேறு. சுமாத்திராவின் வடக்கே ஆருன் வயல் 1971இல் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் பதிற்றாண்டு முடிவதற்குள் திரவ எரிவாயு ஜப்பானுக்குக் கப்பலேறியது. பர்மாவின் மொத்தமா வளைகுடாவில் 1982இல் அகப்பட்ட யடானா வயலின் வாயு, குழாய் வழியே தாய்லாந்துக்குச் சென்றது. தெற்கிலும் வடக்கிலும் அயலார் எடுத்துக்கொண்டிருக்க, நடுவே இருந்த நமக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் நம் நிபுணர்களிடையே நாற்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது.

இந்த நாற்பது ஆண்டுகளில், உலகின் மறுகோடியில், பாறை தானாகக் கொடாத வாயுவை வலிந்து வாங்கும் ஒரு வித்தை வளர்ந்து முதிர்ந்தது. நீரியல் விரிசல் முறை என்று தமிழிலும், ஃப்ராக்கிங் என்று உலகெங்கும் வழங்கும் அம்முறையின் வேர் பழையது. 1860களில், அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட எட்வர்டு ராபர்ட்ஸ் என்னும் ராணுவ அதிகாரி, பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளுக்குள் வெடிமருந்தை இறக்கி வெடித்து, பாறையைப் பிளந்து எண்ணெயைப் பெருக்கிக் காட்டினார். 1947இல் கான்சாஸ் மாகாணத்து ஹுகோட்டன் வயலில், ஸ்டேனோலிண்ட் நிறுவனம் வெடிமருந்துக்குப் பதிலாகக் கெட்டியாக்கிய பெட்ரோலை அழுத்தத்துடன் செலுத்திப் பரீட்சித்தது. 1949இல் ஹாலிபர்ட்டன் அதை வர்த்தகமாக்கியது. ஷேல் என்னும் களிப்பாறையிலிருந்து லாபகரமாக வாயு எடுக்கும் வழியை, டெக்சாஸின் பார்னெட் பகுதியில் ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் பல ஆண்டு நஷ்டத்தைத் தாங்கி முயன்று, 1990களின் இறுதியில் கண்டடைந்தது. ஆழத்துக்கு இறங்கிய கிணற்றை அங்கிருந்து படுக்கைவாட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் திருப்பி, மணலும் ரசாயனப் பொருள்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, பாறையில் மயிரிழை போன்ற விரிசல்களை உண்டாக்கி, அவை மூடிக்கொள்ளாதபடி மணலைத் தாங்கலாக விட்டு, சிறைப்பட்ட வாயுவை வடித்தெடுப்பதே அதன் சாராம்சம். ஒரு கிணற்றுக்குச் சுமார் 60 லட்சம் லிட்டர் முதல் 6 கோடி லிட்டர் வரை நீர் செலவாகிறது.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. எரிவாயுவுக்கு அயல்நாடுகளை நம்பியிருக்க நேரிடும் என்று அஞ்சிக்கொண்டிருந்த அமெரிக்கா, 2017 முதல் இறக்குமதியை விட ஏற்றுமதி மிகுந்த நாடாக மாறியது. 2005இல் அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை அளித்துவந்த நிலக்கரி, 2023இல் ஆறில் ஒரு பங்குக்குக் குறுகியது. ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியிடும் கரியமில வாயுவில் பாதியளவையே எரிவாயு வெளியிடுகிறது; சாம்பலும் கந்தகப் புகையும் அதில் மிகக் குறைவு. நிலக்கரி நகரங்களில் மூச்சுத் திணறிய ஜனங்களுக்கு அது உண்மையான நிவாரணம்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. பென்சில்வேனியாவின் டிமாக் என்னும் சிற்றூரில் 2009 முதல் வீட்டுக் கிணறுகளில் மீத்தேன் கலந்தது. ஆழத்து விரிசல்களைக் காட்டிலும், கிணற்றின் உறைக்குழாயும் அதைச் சுற்றிய சிமெண்டும் பழுதுபடுவதே இத்தகைய மாசுக்குப் பெரிய காரணமென்று பின்வந்த ஆராய்ச்சிகள் உணர்த்தின. ஓக்லஹோமா மாகாணத்தில் 2009க்கு முன் மூன்று ரிக்டருக்கு மேற்பட்ட அதிர்வுகள் ஆண்டுக்கு இரண்டு என்ற அளவில் இருந்தன. எண்ணெய், வாயுக் கிணறுகளிலிருந்து வெளிவரும் உவர்க்கழிவு நீரைப் பூமிக்குள் திரும்பச் செலுத்துவது பெருகியபின், 2015இல் மட்டும் அவை 900ஐத் தாண்டின. 2016 செப்டம்பரில் பாவ்னி அருகே 5.8 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் பிளாக்பூல் அருகே 2011இல் விரிசல் வேலையே சிறு அதிர்வுகளை உண்டாக்கியது; 2019இல் அங்கே மீண்டும் அதிர்வுகள் வந்ததும் இங்கிலாந்து அம்முறையை நிறுத்திவைத்தது. பிரான்ஸ் 2011லேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, எரியாமல் கசியும் மீத்தேன் இருபது ஆண்டுக் காலத்தில் கரியமில வாயுவைக் காட்டிலும் எண்பது மடங்குக்கு மேல் பூமியை வெப்பமூட்டும் தன்மையுடையது. கசிவு சற்று மிகுந்தாலும் நிலக்கரியை விட்டதால் பெற்ற நன்மை கரைந்துபோகும்.

இந்தியாவுக்கு அம்முறை வந்துசேர்ந்த வரலாறு சுருக்கமானது. 2011 ஜனவரியில் வங்காளத்தின் துர்காப்பூர் அருகே இச்சாப்பூரில் முதன்முதலாகக் களிப்பாறையிலிருந்து வாயு வெளிவந்தது. 2013 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஷேல் எரிவாயுக் கொள்கையை வெளியிட்டது. பின்னர் தோண்டிய சோதனைக் கிணறுகள் வணிக அளவில் பயன் தரவில்லை. ஆனால் காவிரிப் படுகையில், 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க உரிமம் அளிக்கப்பட்டதும், நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினால் நெல் வயல்கள் என்னவாகும் என்று விவசாயிகள் கேட்ட கேள்வி, தமிழ்நாட்டின் அரசியலையே அசைத்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரசாரப் பயணத்தின் இடையே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராட்டக் களங்களாயின. 2020இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பிறந்தது. அதே காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய ஊர்களில் சாதாரணக் கிணறுகளிலிருந்து எரிவாயு எடுக்கப்பட்டுக் குத்தாலம், வழுதூர் மின்நிலையங்களில் மின்சாரமாக மாறிவந்ததும் உண்மையே. ஆகவே காவிரி டெல்டாவின் பாடம், வாயு கூடாது என்ற ஒற்றைச் சொல்லில் அடங்குவதன்று. எந்த நிலம் எந்த முறையைத் தாங்கும் என்பதை அந்நிலத்தில் வாழ்வோரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும் என்பதே அது.

அந்தமானின் நிலம் எதைத் தாங்கும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தக்க நிகழ்ச்சிகள் அத்தீவுகளின் சரித்திரத்திலேயே உள்ளன. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே எழுந்த பெரும் பூகம்பம், வங்கக் கடல் முழுவதும் அலையை எழுப்பி, சென்னைத் துறைமுகக் கடல்மட்டக் கருவியிலும் பதிவாயிற்று. 1941 ஜூன் 26 அன்று வந்த அதிர்ச்சி செல்லுலர் சிறையின் பகுதிகளைச் சிதைத்து, ராஸ் தீவின் தலைமையிடத்தைப் பாழாக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திரா முதல் அந்தமானின் வடகோடி வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தைச் சூழ்ந்த நிலம் கடலுக்குள் தாழ்ந்தது. வடக்கு அந்தமானின் பவளப்பாறைகள் நீருக்கு மேலே தூக்கப்பட்டு மாண்டன. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழரும், நிக்கோபாரிப் பழங்குடியினரும் வாழ்ந்த கட்சால் தீவு அன்று பட்ட துயரம் சொல்லுக்கு அடங்காது. அதற்கு இரண்டு நாட்களின் பின் பாராடாங் சேற்று எரிமலை சீறி எழுந்தது. பூமி அசைந்தால் அடியிலுள்ள வாயுவும் அசையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை.

ஜாவா வரை நீளும் இதே தீவு வளைவின் மற்றோர் இடத்தில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்வது கடமை. கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோ பகுதியில், 2006 மே 29 அன்று, லபிண்டோ பிராண்டாஸ் நிறுவனம் எரிவாயுவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த பஞ்சார் பஞ்சி-1 கிணற்றுக்கு இருநூறு மீட்டர் அருகில், நெல் வயலின் நடுவே கொதிக்கும் சேறு பொங்கியது. உச்ச நிலையில் நாளொன்றுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் கனமீட்டர் சேறு வெளிவந்ததாகக் கணக்கிட்டனர். கிராமங்களும் தொழிற்சாலைகளும் பள்ளிகளும் புதைந்தன. பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. பெருக்கு இன்றும் அடியோடு நின்றபாடில்லை. இரண்டு நாட்கள் முன்பு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் யோக்யகர்த்தாவில் நிகழ்ந்த பூகம்பமே காரணமென்று ஒரு சாராரும், கிணற்றின் கீழ்ப்பகுதிக்கு உறைக்குழாய் இடாமல் தோண்டியதால் ஆழத்து அழுத்தம் பாறையைப் பிளந்துகொண்டு வந்ததே காரணமென்று மற்றொரு சாராரும் இன்றளவும் வாதிடுகின்றனர். அந்த வாதம் எப்படி முடிந்தாலும் வீடிழந்தவர்களுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. அங்கே நடந்தது நீரியல் விரிசல் வேலையும் அன்று. சாதாரணமான ஒரு சோதனைக் கிணறுதான். அழுத்தம் நிறைந்த களிமண் படிவங்களும் பூகம்பமும் சேர்ந்த பிரதேசத்தில், சாதாரணக் கிணற்றுக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமானால், பாறையைப் பிளப்பதையே நோக்கமாகக் கொண்ட முறைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தமான் கடலடியில் சாதாரண வாயு மட்டும் இருக்கவில்லை என்பதும் இதற்குள் தெரியவந்திருந்தது. அமெரிக்க விஞ்ஞானிகளின் ஒத்துழைப்போடு, ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்னும் துரப்பணக் கப்பல் 2006 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நம் கடல்களில் ஆராய்ச்சி நடத்தியபோது, அந்தமான் கடலில், கடற்படுகைக்குக் கீழே ஏறத்தாழ அறுநூறு மீட்டர் ஆழம் வரை, எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் வாயு ஹைட்ரேட் காணப்பட்டது. மீத்தேன் நீரோடு உறைந்து பனிக்கட்டி போலாகிய அந்தப் பொருளை வர்த்தக அளவில் எடுக்கும் வழியை உலகில் எவரும் இன்னும் கைவரப்பெறவில்லை.

தேடலுக்குப் புதிய வேகம் பிறந்தது அண்மையிலேதான். பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக மூடிவைக்கப்பட்டிருந்த கடற்பரப்பில் ஏறத்தாழப் பத்து லட்சம் சதுர கிலோமீட்டரை 2022இல் சர்க்கார் திறந்துவிட்டது. 2023 டிசம்பரில் இந்தோனேசியாவின் பக்கத்துத் தெற்கு அந்தமான் கடலில் லயாரான்-1 கிணற்றில் ஆறு லட்சம் கோடி கன அடிக்கு மேற்பட்ட வாயு இருப்பதாக அறிவிப்பு வந்தது. 2025 செப்டம்பரில், ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் வாயு தென்பட்டது. கரையிலிருந்து சுமார் 17 கிலோமீட்டரில், 295 மீட்டர் ஆழ நீரில், 2,650 மீட்டர் வரை இறங்கிய கிணறு அது. 2,212 மீட்டருக்கும் 2,250 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியைச் சோதித்தபோது வாயு விட்டுவிட்டு எரிந்தது. காகிநாடாவுக்குக் கொண்டுசென்ற மாதிரியில் 87 விழுக்காடு மீத்தேன் என்று கண்டனர். 1980இல் தொடங்கிய நம்பிக்கைக்கு இது நல்ல உறுதி. ஆயினும், விட்டுவிட்டு எரிந்த வாயு ஒரு வயலாகுமா என்பதை மேலும் பல கிணறுகளே சொல்லவேண்டும்.

எரிவாயு கிடைத்தால் தீவுகளுக்கு நன்மை உண்டா? உண்டு, பெரிதும் உண்டு. ஏறத்தாழ நான்கு லட்சம் ஜனங்கள் வாழும் இத்தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பங்கு, கப்பலில் வரும் டீசலை எரித்தே உண்டாகிறது. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதித்தால் விளக்கும் தாமதிக்கும். டீசல் இயந்திரங்களின் புகையும் இரைச்சலும் ஊர்களின் நடுவே உள்ளன. திக்லிப்பூர் அருகே கல்போங் நதியில் 2001 முதல் இயங்கும் 5.25 மெகாவாட் புனல் மின்நிலையமும், நெய்வேலி நிறுவனம் போர்ட் பிளேயரில் மின்கலத் தொகுதியுடன் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் நல்ல தொடக்கங்களேயாயினும், தேவை அவற்றைவிடப் பெரிது. 1872இல் வைசிராய் மேயோ பிரபு கொலையுண்ட ஹோப் டவுனில், இறக்குமதி செய்யும் திரவ எரிவாயுவைக் கொண்டு 50 மெகாவாட் மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அந்த வாயு தீவுகளின் கடலிலிருந்தே கிடைக்குமானால், டீசலும் புகையும் செலவும் குறையும். அதை வேண்டாமென்று சொல்ல, இரவில் விசிறி நின்றுபோன வீட்டில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் எவருக்கும் மனம் வராது.

ஆனால் அந்த நன்மைக்கு நீரியல் விரிசல் முறை அவசியமா, அதை இந்தத் தீவுகள் தாங்குமா என்பதே நாம் பிரித்தறிய வேண்டிய விஷயம். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் மழை பெய்தும், செங்குத்தான மலைகளிலிருந்து அது விரைந்து கடலுக்கு ஓடிவிடுவதால், போர்ட் பிளேயர் தன் குடிநீருக்குத் தானிக்காரி அணையையே பெரிதும் நம்பியிருக்கிறது. கோடையில் குழாயில் நீர் நாள்விட்டு நாள் வருவதை அவ்வூர் ஜனங்கள் நன்கறிவர். நிலத்தில் இம்முறையைக் கையாண்டால் அந்த நீரோடுதான் போட்டி. கடலில் கையாண்டால் கடல்நீரையே பயன்படுத்தலாம் என்பது மெய். ஆனால் திரும்பி வரும் உவர்ப்பும் ரசாயனமும் கலந்த கழிவை எங்கே விடுவது? பூமிக்குள் செலுத்தினால் ஓக்லஹோமாவின் அநுபவம் எச்சரிக்கிறது. கடலில் விட்டால், ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவின் பவளத் திட்டுகளும், மீனையே நம்பி வாழும் கரையோர ஊர்களும் அதைச் சுமக்கவேண்டும். மனிதன் உண்டாக்கும் சிறு அதிர்வு 2004இன் பூகம்பம் போன்றதைக் கொண்டுவரும் என்று சொல்ல விஞ்ஞானம் இடந்தரவில்லை. நாமும் அவ்வாறு மிகைப்படுத்த வேண்டுவதில்லை. அபாயம் எதிர்த்திசையில் உள்ளது: இயற்கையாக வரப்போகும் பூகம்பம், அழுத்தத்தோடு நிற்கும் நூறு கிணறுகளின் உறைக்குழாய்களை ஒரே நொடியில் முறிக்கக்கூடும். களிப்பாறை வாயுவுக்கு ஒன்றிரண்டு கிணறு போதாது. நூற்றுக்கணக்கில் தோண்டிக்கொண்டே போகவேண்டும் என்பது அம்முறையின் இயல்பு.

இன்று அந்தமானில் எவரும் நீரியல் விரிசல் முறையைக் கையாளவில்லை என்பதால் இவ்வளவு பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு: 2016இல் வந்த உரிமக் கொள்கை, சாதாரண வாயு, களிப்பாறை வாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், வாயு ஹைட்ரேட் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே உரிமத்தை அளிக்கிறது. அந்தமான் கடலில் இன்று நடக்கும் துரப்பணமும் அக்கொள்கையின் கீழ் அளிக்கப்பட்ட உரிமத்தினாலேயே நடக்கிறது. 2020 ஜனவரியில் வந்த ஓர் அறிவிப்பு, சோதனைக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆகவே, சாதாரணக் கிணறு ஏமாற்றினால் அடுத்த முறைக்குத் தாவுவதைத் தடுக்கும் வேலி, உரிமத்தில் இல்லை. டெல்டாவின் விவசாயிகள் உரிமம் வந்தபின்தான் செய்தியை அறிந்தார்கள். தீவு ஜனங்களும் அவ்வாறு அறியும் நிலை வரலாகாது.

யாருக்காக என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. நிலக்கரி தேடி வந்த கப்பலின் பெயரைத் தாங்கிய கலாதேயா விரிகுடாவில், தோணியாமைகள் முட்டையிடும் மணற்கரையில், இப்போது பெருந்துறைமுகமும், அதன் அருகே விமான நிலையமும் நகரமும், 450 எம்விஏ திறனுள்ள எரிவாயு, சூரிய மின்நிலையமும் அமைக்க 2022 நவம்பரில் சூழல் அநுமதி தரப்பட்டுள்ளது. ஷாம்பென் பழங்குடியினர் வாழும் காட்டை ஒட்டியது அந்த நிலம். டேனியர் காலத்தில் அந்தத் தீவின் செல்வத்தை அளந்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்கவில்லை. ஆங்கிலேயர் காலத்திலும் கேட்கவில்லை. சுதந்திர இந்தியாவில் அந்தப் பழக்கம் தொடர நியாயம் ஏதும் இல்லை.

எனவே நம் அபிப்பிராயத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். அந்தமான் கடலில் வாயு உண்மையாகவே போதிய அளவு இருக்குமானால், உறைக்குழாயிலும் சிமெண்டிலும் ஒரு காசும் மிச்சம் பிடிக்காமல், சாதாரணக் கிணறுகளால் அதை எடுப்பது தக்கது; எடுத்ததில் முதற்பங்கு தீவுகளின் டீசல் இயந்திரங்களை அணைக்கப் பயன்படவேண்டும். பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் முறைக்கு, தரையிலாயினும் கடலடியிலாயினும், இந்தத் தீவுகளில் இடமில்லை. சூரிய ஒளியையும் மின்கலத்தையும் பெருக்கும் வேலை, வாயு வரும் வரை காத்திராமல் இன்றே நடக்கவேண்டும். தீவுகளில் வாழ்வோரில் ஏழில் ஒருவர் தமிழ் பேசுவோர்; டெல்டாவின் போராட்டத்தை நடத்தியவர்களும் தமிழரே. ஆதலால் இந்த விஷயத்தில் குரல் கொடுக்கும் உரிமையும் அநுபவமும் நமக்கு உண்டு. அடுத்த கிணற்றுக்கு ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன்பே, நீரியல் விரிசல் முறை விலக்கப்படுகிறது என்ற ஒரு விதியை அதில் சேர்க்குமாறும், கடல்நீர், நிலத்தடி நீர், அதிர்வு ஆகியவற்றின் இன்றைய நிலையை அளந்து எல்லாரும் அறியத் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் நிக்கோபாரியிலும் வெளியிடுமாறும், பழங்குடி மன்றங்களின் சம்மதத்தைப் பெறுமாறும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்போமாக.